ஊசுட்டேரியில் நான் கண்ட பறவை

இனிமேல் ஞாயிற்றுக்கிழமைகளில் என் இரண்டு கைகளும் எனக்கே சொந்தம் என்று போன தை மாதம் ஒரு முடிவு எடுத்தேன். உறுதியான முடிவு. அதை யாரிடமும் சொல்லவில்லை. சொல்ல வேண்டியது ஒரே ஓர் ஆளிடம்தான். அந்த ஆளிடம் சொல்லத்தான் தைரியம் வரவில்லை.

எடுக்காமலே இருந்திருக்கலாம் என்று இப்போது தோன்றுகிறது. நடந்ததைக் கேட்டால் நீங்களும் அதையேதான் சொல்வீர்கள்.

என் பெயர் வேம்பு. முத்தியால்பேட்டையில் வீடு. மில்லில் நூல் பிரிவில் வேலை. வாரத்தில் ஆறு நாள் பஞ்சு நூலோடு மல்லுக்கட்டுவேன். ஏழாவது நாள் வீட்டில் கம்பளி நூல் காத்திருக்கும். என் மனைவி தனக்கொடி கன்னியர் மடத்தில் பின்னல் வேலை கற்றவள். ஸ்வெட்டர் பின்னுவாள். புதுச்சேரி வெயிலில் ஸ்வெட்டரா என்று சிரிக்காதீர்கள். பிரெஞ்சுக் கொடி இறங்கி நாலு வருஷம் ஆகியும் பிரான்சுக்குக் கப்பல் ஏறுகிறவர்கள் குறையவில்லை. அங்கே பனி கொட்டுமாம். கப்பலுக்குச் சீட்டு வாங்கியதும் குடும்பத்தோடு நேராக எங்கள் வீட்டுக்குத்தான் வருவார்கள்.

கம்பளி நூல் உருண்டையாக வராது. சிட்டம் சிட்டமாக வரும். ஒருவர் இரண்டு கைகளையும் முன்னால் நீட்டி, சிட்டத்தை மணிக்கட்டுகளில் மாட்டிக்கொண்டு உட்கார வேண்டும். இன்னொருவர் எதிரே உட்கார்ந்து நூலை இழுத்து உருண்டையாகச் சுற்ற வேண்டும். எங்கள் வீட்டில் கை நீட்டுகிறவன் யார் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. விலங்கு மாட்டின கைதிகூட மூக்கு அரித்தால் சொறிந்துகொள்ளலாம். எனக்கு அந்தச் சலுகை கிடையாது. கை அசைந்தால் சிக்கு விழும். சிக்கு விழுந்தால் மூக்கைவிடப் பெரிய தொல்லை வரும்.

அளவு பார்ப்பதும் என் உடம்பில்தான். கத்திரி வெயிலில் கழுத்து வரை ஸ்வெட்டர் மாட்டி வாசலில் நிறுத்தி வெளிச்சத்தில் பார்ப்பாள். தெருவில் போகிறவர்கள் எனக்குக் குளிர்சுரம் என்று நினைத்து மருந்து சொல்லிவிட்டுப் போவார்கள்.

இந்த நிலைமையில்தான் எனக்குப் பெத்தாங் ஆட்டத்தில் ஆசை வந்தது. சின்ன மரக்குண்டு ஒன்றைத் தூரத்தில் எறிவார்கள். அதற்குப் பக்கத்தில் யாருடைய இரும்புக் குண்டு போய் நிற்கிறதோ அவர் கெட்டிக்காரர். அவ்வளவுதான் ஆட்டம். வெள்ளைக்காரன் விட்டுவிட்டுப் போனவற்றில் எனக்குப் பிடித்தது இது ஒன்றுதான். கடற்கரை ஓரத்து மண் தரையில் ஞாயிற்றுக்கிழமை பகலெல்லாம் நடக்கும். அந்தக் கூட்டத்துக்குத் தலைவர் தேவதாஸ். பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து ஓய்வு பெற்றவர். பிரெஞ்சில் சிப்பாய்க்குச் சொல்தா என்று பேர்; ஊரில் அவரைச் சொல்தா தேவதாஸ் என்பார்கள்.

மாசி மாதம் காரைக்காலில் போட்டி. ஒரு நாள் மில் விட்டு வரும் வழியில் நான் போட்ட குண்டு சரியாக விழுந்ததைப் பார்த்துத் தேவதாஸ் என்னைச் சேர்த்துக்கொள்வதாகச் சொன்னார். விழாமல் என்ன? வருஷக்கணக்காக அசையாமல் நீட்டிப் பழகிய கை. என் வாழ்நாளில் என்னை ஒருவர் ஒன்றுக்குத் தேர்ந்தெடுத்தது அதுதான் முதல் தடவை. எப்படியாவது காரைக்கால் போய் ஆடிவிட வேண்டும் என்று எனக்குள் ஒரு வெறியே வந்துவிட்டது.

ஆனால் தேவதாஸ் ஒரு சட்டம் வைத்திருந்தார். ஒரு தடவை வீராயி என்கிற அம்மாள் புருஷனைத் தேடிக்கொண்டு வந்து, கண்ணில் பட்ட குண்டுகளையெல்லாம் வாரிக் கடலில் போட்டுவிட்டாள். அதிலிருந்து அந்தச் சட்டம்.

"வீட்டுல பெர்மிசியோன் வாங்கிக்கிட்டு வர்றவன்தான் குண்டைத் தொடணும். பட்டாளத்துல லீவு வாங்காம வெளிய போனா என்னா ஆவும் தெரியுமில்ல? நீ வாங்கிட்டியா வேம்பு?"

"எங்க வீட்டுலயா? அவளேதான் போங்க போங்கன்னு தள்ளுறா அண்ணே."

வாய் கூசாமல் சொன்னேன்.

அந்த வார ஞாயிற்றுக்கிழமை என் கையில் நீலச் சிட்டம். தனக்கொடி எதிரே உட்கார்ந்து சுற்றிக்கொண்டிருந்தாள். முகம் வாடியிருந்தது.

"என்னாங்க, நேத்து ஸ்வெட்டர் வாங்க வந்த மதாம் என்னா சொன்னாங்க தெரியுமா?"

"என்னா?"

"எல்லா ஸ்வெட்டர்லயும் அதே கொடி, அதே இலை. கப்பல்ல போறவங்கள்லாம் ஒரே பள்ளிக்கூடத்துப் பசங்க மாதிரி இருக்காங்களாம்."

"அவங்களுக்கு என்னா தெரியும்?"

"தெரிஞ்சுதான் சொல்றாங்க. எனக்கே அலுத்துப்போச்சு. மடத்துல மதரைப் போயிக் கேட்டேன். உள்ளயே உக்காந்திருந்தா என்னா தோணும், வெளிய போயி ஆண்டவன் படைச்சதைப் பாரு, கையில தானா வரும்னாங்க. கண்ணாலம் கட்டி வந்த நாளா இந்த ஊருல இருக்கேன். ஊசுட்டேரி எந்தப் பக்கம்னு எனக்குத் தெரியாது. ஞாயித்துக்கிழமையில எங்கனா அழைச்சிக்கிட்டுப் போறீங்களா?"

வேறு புருஷனாக இருந்தால் சரி என்று சொல்லியிருப்பான். சொல்லியிருந்தால் எல்லாம் நல்லபடியாக முடிந்திருக்கும். எனக்கோ அந்த நேரம் பார்த்து மூளை வேலை செய்தது.

"தனக்கொடி, நீ வெயில்ல அலைஞ்சா தலைவலி வரும். வாங்கின வேலையும் நிக்கும். நான் போறேன்."

"நீங்களா?"

"ஏரி, கடலு, காடு மேடெல்லாம் நான் போயிப் பாக்கறேன். ஒண்ணு விடாம வந்து சொல்றேன். நீ கேட்டுப் பின்னு."

"சிட்டம் யாரு பிடிக்கறது?"

"அதான் எனக்கும் வருத்தம். ஆனா உன் தொழிலுன்னு வந்தா நாம கஷ்டத்தைப் பாக்க முடியுமா?"

நூல் சுற்றுவதை நிறுத்திவிட்டு என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். நன்றியோடு பார்க்கிறாள் என்று நினைத்துக்கொண்டேன்.

"சரி, போயிட்டு வாங்க. சோறு கட்டித் தர்றேன்" என்றாள்.

அடுத்த ஞாயிறு புளிச்சோற்று மூட்டையோடு ஊசுட்டேரிக்குக் கிளம்பினேன். தெருமுனை வரைக்கும் மேற்கே நடந்தேன். பிறகு கிழக்கே திரும்பிக் கடற்கரைக்குப் போனேன். புளிச்சோறு ரொம்ப நன்றாக இருந்ததாகத் தேவதாஸ் சொன்னார். பொழுது சாயும் வரை ஆடினேன். வீட்டுக்குப் பக்கத்தில் வந்த பிறகுதான் ஏரிக்குப் போனதற்கு ஏதாவது அடையாளம் வேண்டுமே என்று உறைத்தது. பக்கத்து வீட்டு அஞ்சலாட்சியின் வேலி ஓரம் ஓர் இறகு கிடந்தது. எடுத்துக்கொண்டேன்.

"ஏரி எப்படி இருந்துச்சு?"

"ஏரியா அது? கடலு."

"பறவை?"

"ரோஸ் கலரு. காலு ரெண்டும் நீலம். மூக்கு தங்கமாட்டம் மின்னுது."

"எவ்ளோ ஒசரம்?"

"ஆட்டுக்குட்டி ஒசரம் இருக்கும்."

"இது அதோட இறகா? ரோஸ்னீங்க, இது செவப்பும் கருப்புமா இருக்குதே."

"உதிர்ந்துட்டா நெறம் மாறிடும்."

மதிலுக்கு மேலே அஞ்சலாட்சியின் தலை தெரிந்தது. "எங்க சேவலுக்குக்கூட இதே மாதிரி நெறம் மாறிப்போச்சுண்ணே" என்றாள். இந்த மாதிரி ஆட்களுக்கு நான் பதில் சொல்வதில்லை.

தனக்கொடி இறகைப் பத்திரமாக வாங்கி மாடத்தில் வைத்தாள். அந்த வாரம் முழுக்கப் பின்னினாள். நான் ரோஸ் பறவையை எதிர்பார்த்தேன். முடிந்த ஸ்வெட்டரில் இருந்ததோ சின்னச் சின்னக் கறுப்புப் பறவைகள். நெற்றியில் வெள்ளைப் பட்டை. மார்பு வரைக்கும் தண்ணீரில் மிதந்துகொண்டு வரிசையாகப் போயின. கையில் நாணல் அசைகிற மாதிரி ஒரு பின்னல்.

"ரோஸ் எங்க?"

"ரோஸ் நூலு தீந்துபோச்சுங்க. கைக்கு வந்ததைப் போட்டேன்."

கலையில் இதெல்லாம் சகஜம் என்று விட்டுவிட்டேன். நான் சொன்னதைக் கேட்டே இவ்வளவு செய்கிறாளே என்று உள்ளுக்குள் பெருமையாகக்கூட இருந்தது.

மறு வாரம் குருசுக்குப்பம். கடற்கரையிலேயே ஆடுவதால் கிளிஞ்சலுக்குப் பஞ்சமில்லை. மீனவர்கள் எல்லாரும் பாட்டுப் பாடிக்கொண்டே வலை இழுத்ததாகவும், வலை நிறைய நட்சத்திரம் போல மீன் வந்ததாகவும் சொன்னேன். அவள் கட்டுமரத்தின் மேல் காயப்போட்ட வலை மாதிரி ஒன்று பின்னினாள். கண்ணியெல்லாம் தளர்ந்து தொங்கும். அங்கங்கே மிதவைக் கட்டை. அதற்கடுத்து கோரிமேடு. யார் வீட்டு வாசலிலோ கொட்டியிருந்த செம்மண்ணில் ஒரு பிடி அள்ளிக்கொண்டு போனேன். மலைபோல மேடு, மேட்டின் மேலே மான் என்றேன்.

"மானா? அங்க ரோட்டுல போற வண்டிக் கூட்டத்துலயா?"

"பின்பக்கமா நின்னுச்சு."

"செவப்பு மண்ணுல மழைத்தண்ணி ஓடி வரி வரியா அறுத்திருக்கும்னு சொல்றாங்களே?"

"ஆமாமா. அதைச் சொல்ல மறந்துட்டேன்."

அந்த வரி போட்டு அவள் பின்னிய ஸ்வெட்டரைப் பார்த்துவிட்டு மதாம்கள் ஒருவர் பேச்சை ஒருவர் கேட்டுக்கொண்டு வந்து குவிந்தார்கள். எப்படியம்மா உனக்கு இதெல்லாம் தோன்றுகிறது என்று கேட்டார்கள். "எல்லாம் எங்க வீட்டுக்காரரு போயிப் பாத்துட்டு வந்து சொல்றதுதான்" என்பாள் தனக்கொடி. நான் உள்ளே இருந்து கேட்டு மீசையைத் தடவிக்கொள்வேன். என் ஆட்டமும் கூடிக்கொண்டே போனது. நூலெல்லாம் தானாக உருண்டையாகிக் கூடையில் கிடந்தது. யார் கை நீட்டினார்கள் என்று ஒரு தடவையாவது கேட்டிருக்கலாம். கேட்கவில்லை.

மாசி பிறந்தது. மில்லில் லீவு போட்டு, காரைக்காலுக்குச் சனி, ஞாயிறு இரண்டு நாள் பயணம். அதையும் அவளிடம் நயமாகச் சொன்னேன்.

"அரசலாறுன்னு ஒரு ஆறு. ரெண்டு பக்கமும் வயலு. அதைப் பாக்காம பின்னுற பின்னல்லாம் ஒரு பின்னலா?"

"ரெண்டு நாளா?"

"பெரிய ஆறு."

"சரி, போயிட்டு வாங்க."

பயணத்துக்கு முந்தின சாயங்காலம் தேவதாஸ் சைக்கிளில் வந்து எங்கள் வாசலில் இறங்கினார். இப்படி ஒரு மனிதர் வீடு தேடி வருவார் என்று நான் எதிர்பார்க்கவில்லை. கிணற்றடியில் முகமெல்லாம் சோப்போடு இருந்தேன். தலையைத் துவட்டிக்கொண்டு உள்ளே வருவதற்குள் அவர் கையில் காபி டம்ளர் இருந்தது.

"விடியகாலையில வேன் வந்துடும் தங்கச்சி. உங்க வீட்டுக்காரரைப் பத்திரமா கொண்டாந்து விட்டுடறேன்."

"ஆத்தைப் பாக்க நீங்களும் போறீங்களா அண்ணே?"

"ஆறா? பெத்தாங் ஆடப் போறோம்."

"பெத்தாங்கா? இவரா? இவரு ஞாயித்துக்கிழமையானா ஊசுட்டேரி, குருசுக்குப்பம், கோரிமேடுன்னு இல்ல அலையறாரு. எனக்கு டிசைன் பாக்க."

தேவதாஸ் டம்ளரைக் கீழே வைத்தார்.

"ஞாயித்துக்கிழமையெல்லாம் எங்க கூடத்தானே குண்டு போட்டுக்கிட்டு இருந்தான்."

"இருக்காதுண்ணே. இறகெல்லாம் கொண்டாந்தாரே."

"நீங்கதான் போங்க போங்கன்னு தள்ளுறதா சொன்னான்."

"நான் தள்ளுனது ஏரிக்குண்ணே."

இரண்டு பேரும் என் பக்கம் திரும்பினார்கள். நான் துவட்டின தலையையே திரும்பவும் துவட்டினேன்.

"வேம்பு, பெர்மிசியோன் வாங்குனியா, இல்லியா?"

"வாங்குனேண்ணே. ஆனா வேற எடத்துக்கு."

"பட்டாளத்துல இதுக்கு என்னா பேரு தெரியுமா?"

எனக்குத் தெரியாது. தெரிந்துகொள்ளவும் ஆசையில்லை. அவர் எழுந்து நின்றார். ஓய்வு பெற்ற மனிதருக்கு அவ்வளவு விறைப்பு ஆகாது.

"நீ வரவேணாம். மாத்து ஆளா ஜானகிராமன் எப்படியும் கூட வர்றான், அவன் ஆடட்டும்" என்றார். பிறகு தனக்கொடியிடம் குரலைத் தணித்துக்கொண்டு, "மன்னிச்சுக்கம்மா, எனக்குத் தெரியாது. இப்ப வேன்ல ஒரு எடம் வேற காலியாப் போவுது" என்றார்.

"அந்தப் பக்கம் ஆறு, வயலெல்லாம் நெசமாவே இருக்குதா அண்ணே?"

"இருக்குதே. எங்க மதாமும் வர்றா. பேச்சுத் துணைக்கு ஆளு இல்லன்னு பொலம்பிக்கிட்டு இருந்தா. நீங்க வாங்களேன்."

"இவரு தனியா இருப்பாரே" என்று தனக்கொடி இரக்கமாகச் சொன்னாள். சொல்லும்போதே அவள் கை பரணிலிருந்து பையை எடுத்துக்கொண்டிருந்தது.

தேவதாஸ் போனதும் மதிலுக்கு மேலே அஞ்சலாட்சியின் தலை முளைத்தது.

"அக்கா, ஊசுட்டேரிக்கு எடுத்துக்கிட்டுப் போன கூடை என்கிட்டத்தான் இருக்குது. தரட்டுமா?"

நான் தனக்கொடி பக்கம் திரும்பினேன்.

"நீ எப்போ ஊசுட்டேரிக்குப் போனே?"

"நீங்க போன அன்னிக்குத்தான்" என்றாள் தனக்கொடி. புடவையை மடித்துக்கொண்டே சொன்னாள். "நீங்க கெளம்பி கொஞ்ச நேரத்துல மனசு கேக்கல. நமக்காவ மனுஷன் வெயில்ல போயிருக்காரே, நாமளும் போயிக் கூட நின்னு பாத்தா என்னான்னு தோணுச்சு. இவளைத் துணைக்குக் கூப்புட்டுக்கிட்டு பஸ் ஏறிட்டேன். கரை முழுக்க உங்களைத் தேடுனோம்."

"அப்புறம்?"

"அப்புறம் தேடறதை விட்டுட்டு ஏரியைப் பாத்தோம். நல்லாத்தான் இருந்துச்சு."

"குருசுக்குப்பத்துலேர்ந்து கடலோரமா நடந்து வந்தப்பதான் ஒங்களைப் பாத்தோம்ணே" என்று அஞ்சலாட்சி மதிலிலிருந்து சேர்ந்துகொண்டாள். "குனிஞ்சு குண்டு பொறுக்கிக்கிட்டு இருந்தீங்க. அக்காதான் கூப்புடாதடின்னுச்சு."

கோரிமேட்டு வரியும் அப்படித்தான் வந்திருக்கிறது. அப்படியானால் சற்று முன்பு தேவதாஸிடம் அவள் காட்டிய ஆச்சரியம்? பெத்தாங்கா, இவரா என்று கண்ணை விரித்தாளே. நான் நாற்காலியில் உட்கார்ந்தேன்.

"தெரிஞ்சுக்கிட்டே ஏன் என்னை ஒண்ணும் கேக்கல?"

"நீங்க சொன்ன பறவை நல்லா இருந்துச்சு. அடுத்த வாரம் என்னா சொல்றீங்கன்னு பாக்கலாம்னு விட்டுட்டேன்."

"சிட்டம் யாரு பிடிச்சா?"

"இப்ப நீங்க உக்காந்திருக்கற நாற்காலிதான். கவுத்துப் போட்டா நாலு காலு இருக்குது. கை வலிக்குதுன்னும் சொல்லாது."

"அப்போ இத்தினி வருஷமா என்னை ஏன் கையை நீட்டச் சொன்னே?"

அவள் மடிப்பதை நிறுத்தினாள்.

"மில்லு விட்டா தூங்கறீங்க, எழுந்தா மில்லுக்குப் போறீங்க. உங்களை ஒரு எடத்துல உக்காத்தி வெச்சு நாலு வார்த்தை பேச எனக்கு வேற என்னா வழி இருந்துச்சு?"

எதிரே உட்கார்ந்து அவள் பேசினதில் பாதியை நான் மூக்கு அரிக்கிற கவலையில் கேட்கவே இல்லை. அந்த ஞாயிற்றுக்கிழமைகள்தான் எனக்கு முதலில் உறுத்தின. காரைக்கால் ஆட்டம் கைநழுவிப் போனதுகூட அப்புறம்தான் வலித்தது.

விடியற்காலையில் வேன் வந்தது. தேவதாஸ் வீட்டு அம்மாள் பக்கத்தில் தனக்கொடி ஜன்னலோரமாக உட்கார்ந்தாள். ஜானகிராமன் என் குண்டுகளைக் கேட்டு வாங்கிக்கொண்டான். சோறு அஞ்சலாட்சி கொடுப்பாள் என்று சொல்லிவிட்டுத் தனக்கொடி போய்விட்டாள்.

வீட்டில் இருக்கப் பிடிக்கவில்லை. மறுநாள் ஞாயிற்றுக்கிழமை நான் நிஜமாகவே ஊசுட்டேரிக்கு பஸ் ஏறினேன். யாரும் போகச் சொல்லவில்லை.

நான் சொன்ன மாதிரி அது கடல் இல்லை. ஆனால் பெரிய தண்ணீர். கறுப்புப் பறவைகள் நெற்றியில் வெள்ளைப் பட்டையோடு வரிசையாக மிதந்தன. தனக்கொடி ஒரு கண்ணி பிசகாமல் பின்னியிருந்தாள். நாணல் பக்கத்தில் குட்டையான பறவை ஒன்று நீந்திப் போனது. அதன் முதுகு மேடாக இருந்தது. உற்றுப் பார்த்தேன். இறக்கைக்குள்ளிருந்து வரி வரியாகக் கோடு போட்ட சின்னத் தலைகள் எட்டிப் பார்த்தன. குஞ்சுகளை முதுகில் ஏற்றிக்கொண்டு போகிறது. இன்னொன்று வந்து அவற்றின் வாயில் மீன் ஊட்டியது. நான் கரையோரம் போய்க் குனிந்ததும் தாய்ப் பறவை குஞ்சுகளோடு அப்படியே தண்ணீருக்குள் முங்கி, தள்ளிப்போய் எழுந்தது. குஞ்சுகள் முதுகிலேயே இருந்தன.

"அதோ பாரு" என்று வாய்விட்டுச் சொல்லிவிட்டேன். பக்கத்தில் யாரும் இல்லை. இப்படி ஒரு நாளை அவள் என்னிடம் கேட்டபோது வெயில், தலைவலி என்று தட்டிக் கழித்தேனே என்று கரையில் உட்கார்ந்து வெகுநேரம் வருத்தப்பட்டேன். அதை அவளிடம் அப்படியே சொல்லிவிட வேண்டும், ஒன்று விடாமல் சொல்லிவிட வேண்டும் என்று மனப்பாடம் செய்துகொண்டே வீடு திரும்பினேன்.

இருட்டுகிற நேரத்தில் வேன் வந்து அவளை இறக்கிவிட்டது. முகமெல்லாம் வெளிச்சம். வந்ததும் வராததுமாக ஊசியை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தாள்.

"ஆட்டத்துல யாரு ஜெயிச்சா?"

"நம்ம ஊருதான்னாங்க. நான் ஆத்தங்கரையில இருந்தேன், பாக்கல. அந்த ஆறு ஒரு எடத்துல வளையுது பாருங்க..." என்று ஆரம்பித்து வயல், மடையான் கொக்கு, தண்ணீரில் விழும் தென்னை நிழல் என்று வெகுநேரம் சொன்னாள். இந்தத் தடவை நான் ஒரு வார்த்தையும் விடாமல் கேட்டேன். அவள் முடித்ததும் நான் தொடங்கினேன்.

"தனக்கொடி, இன்னிக்கு நான் ஊசுட்டேரிக்குப் போனேன்."

"ம்."

"நெசமா. ஒரு பறவை குஞ்சுங்களை முதுகுல ஏத்திக்கிட்டு நீந்துது. இன்னொண்ணு வந்து மீனு ஊட்டுது. என்னைப் பாத்ததும் குஞ்சுங்களோடயே தண்ணிக்குள்ள முங்கி அந்தாண்ட போயி எழுந்துச்சு. முதுகுல இருந்த குஞ்சு அப்படியே இருக்குது. உன்னை அழைச்சிக்கிட்டுப் போவாம விட்டுட்டேனேன்னு எனக்கு அழுகையே வந்துடுச்சு."

அவள் ஊசியை நிறுத்தவில்லை.

"ரோஸ் கலர் பறவையே பரவாயில்லீங்க. அது கொஞ்சமாச்சும் நம்பற மாதிரி இருந்துச்சு."